பூனை அட்டையா, ஜெங்கா கட்டையா? பகலில் ஒருவர் தூங்கும் வீட்டுக்கு எது சரி

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துப் பலகை வீட்டில். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. போன பள்ளி விடுமுறையில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி அடுக்கு விளையாட்டு ஒன்று தேடினோம். கோபுரத்திலிருந்து கட்டையை உருவி உச்சியில் ஏற்றுகிற ஜெங்கா ஏற்கெனவே வீட்டில் இருந்தது, என் தம்பி தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. ஹாபா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மர விலங்கு அடுக்கும் விளையாட்டைக் கிள்ளானில் அக்கா வீட்டில் ஆடிப் பார்த்திருந்தோம். கடைசியில் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது ‘கேட் டவர்’ என்ற அட்டைப் பூனை விளையாட்டு. நாலு மாதமாக அதுதான் தினமும் தரையில் விரிகிறது. ஏன் என்பதை எழுதி வைத்தால் எங்களைப் போன்ற வீடுகளுக்கு உதவும்.

பொதுவானதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கும் எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டாம். மூன்றும் கை நிதானத்தை வளர்க்கும். மூன்றுமே ஒரு சுற்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஜெங்காவில் 54 கட்டைகள், வரிசைக்கு மூன்றாக 18 அடுக்கு. லெஸ்லி ஸ்காட் என்ற பெண்மணி 1983-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர், பெயரையும் சுவாஹிலி மொழியிலிருந்தே எடுத்தார். ‘ஜெங்கா’ என்றால் ‘கட்டு’ என்று பொருள். கட்டைகள் எல்லாம் ஒரே அளவு போலத் தெரிந்தாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால்தான் சில கட்டை சுலபமாக நழுவி வரும், சில அசையவே அசையாது. ஒற்றைக் கையால் தட்டித் தட்டி, எது தளர்ந்திருக்கிறது என்று விரலாலேயே கண்டுபிடிக்கிற அந்த ருசி வேறு எந்த விளையாட்டிலும் கிடையாது. மகளுக்கு இன்றைக்கும் அதுதான் ஆசை.

ஆனால் ஜெங்கா கோபுரம் விழுந்தாக வேண்டும். விழுந்தால்தான் ஆட்டம் முடியும்.

என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். இரவு ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்கு வந்து, பசியாறிவிட்டுப் படுப்பார். பிள்ளைகள் விளையாடுவதும் அதே நேரம்தான். எங்கள் வீட்டில் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரைக்கும் போகாது. சிமெண்டுத் தரையில் 54 கட்டை ஒன்றாகச் சரிந்தால் அந்தச் சத்தம் நேரே அவர் தலைமாட்டில் போய் விழும். முதல் நாளே எழுந்து வந்துவிட்டார். திட்டவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தார். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை என்று சாயங்காலம்தான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி அவர் திரும்பவும் ஆலையில் கொதிநீராவிக் குழாய்களுக்கு நடுவில் நிற்க வேண்டியவர். எனக்கு மனசு ஆறவில்லை.

வழி தேடாமல் இல்லை. கீழே போர்வை விரித்தோம், கோபுரம் நேராக நிற்கவில்லை. அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) வைத்தோம். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அங்கே சிமெண்டைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள், பத்தாவது வரிசையிலேயே ஒரு பக்கம் சாய்ந்தது. பெரிய தட்டைப் பலகை ஒன்றைப் போர்வை மேல் போட்டதில் கோபுரம் நின்றது, சத்தம் மட்டும் குறையவில்லை. “மெதுவா விழட்டும்” என்று பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? விழும்போது கத்துவதில்தானே பாதிச் சந்தோஷம். கத்தலையாவது கையால் வாயைப் பொத்தி அடக்கிக்கொள்வார்கள், கட்டையை எப்படிப் பொத்துவது?

ஹாபாவின் விலங்கு விளையாட்டு ஜெர்மனியில் 2005-இல் வந்தது. மொத்தம் 29 மர விலங்குகள். முதலையைக் கீழே வைத்து, பகடையில் விழுவதைப் பொறுத்து மற்றதை ஏற்ற வேண்டும். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. எத்தனை விழுந்தாலும் தள்ளிவிட்டவர் அதிகமாக இரண்டைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளை அழாமல் ஆட்டத்தில் தொடர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மரத்தின் வழவழப்பும் அழகு. விலை கொஞ்சம் கூடுதல், அதற்குத் தகுந்த பொருள்தான். எங்கள் தரையில் அதுவும் ‘டக் டக்’ என்று விழும் என்பதால் விட்டுவிட்டேன். அக்கா வீட்டில் கம்பளம் இருக்கிறது, அங்கே பிரச்சினையே இல்லை.

இப்போது பூனைக்கு வருகிறேன். கேட் டவரை உருவாக்கியவர் தைவானைச் சேர்ந்த ஆசா சென். பூனைப் படம் போட்ட அட்டைகளை நடுவில் மடித்துக் கூடாரம் மாதிரி நிறுத்தி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். பகடையும் உண்டு. கையிலிருக்கும் பூனைகளை முதலில் ஏற்றி முடிப்பவர் ஜெயித்தார். விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் வீட்டில் ஹாபாவின் இரண்டு விலங்கு விதியையே எடுத்துக்கொண்டோம்.

கோபுரம் சரியும்போது கேட்பது ‘ஸ்ஸ்’ என்ற ஓசை மட்டும்தான், செய்தித்தாளைப் புரட்டுகிற மாதிரி. இரவு ஷிப்ட் வாரம் முழுக்க ஆடினார்கள், அவர் ஒரு தடவை கூட எழுந்திருக்கவில்லை.

அட்டையில் கற்றுக்கொள்ள இவ்வளவு இருக்கும் என்று வாங்கும்போது எனக்குத் தெரியாது. மடிப்பை அகலமாக விரித்தால் கால் ஊன்றி நிற்கும், ஆனால் முதுகு தாழ்ந்து மேலே வருகிற பூனையைத் தாங்காது. குறுக்கினால் உயரம் கிடைக்கும், ஆனால் மூச்சுக் காற்றுக்கே சாயும். ஐந்து வயது மகன் இதைத் தானாகவே கண்டுபிடித்து, கீழே இருப்பதை அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் வைக்கிறான்.

எங்கள் வீட்டில் இதில் யாரும் நெருங்க முடியாதவர் என் மாமியார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த கை. உளி மரத்தைத் தொட்டுக் காயமாக்காமல், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பழகிய விரல்கள். “அவசரப்படாதய்யா, மூச்ச அடக்கிட்டு வை” என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டே ஏழாவது மாடியை ஏற்றிவிடுவார். ஜெங்காவில் அவருக்கு ஈடுபாடு வரவில்லை, தரையில் குனிந்து கட்டையை உருவுவது முதுகுக்கு ஆகாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மின்விசிறி ஓடினால் ஆட முடியாது. பதினொரு மணிக்கு மேல் தகரக் கூரையின் கீழ் விசிறி இல்லாமல் உட்காருவது கஷ்டம், அதனால் காலையிலேயே ஆடிவிட வேண்டும். அடுத்தது ஈரம். அக்டோபர், நவம்பர் மழையில் அட்டை நமத்து மடிப்பு தளர்கிறது, பூனைகள் முழங்கால் மடங்கினாற்போல் உட்கார்ந்துவிடும். பிஸ்கட் டின்னில் போட்டு, மருந்து பாட்டிலில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை உள்ளே வைக்கிறேன். தளர்ந்ததை ராத்திரி அகராதிக்கு அடியில் வைத்தால் காலையில் நிமிர்ந்துவிடும். வீட்டில் நிஜப் பூனை ஒன்றும் உண்டு, அது வாலை ஆட்டிக்கொண்டு வரும்போது கோபுரத்தைக் கையால் மறைக்க வேண்டும்.

கிழிந்தால்? ஒரு பூனையின் காது ஏற்கெனவே போய்விட்டது. மகள் மைலோ பெட்டி அட்டையில் அதே அளவுக்கு வெட்டி, கறுப்புப் பூனை ஒன்று வரைந்து சேர்த்துவிட்டாள். தடிமன் கொஞ்சம் கூட, அதனால் அது எப்போதும் கீழ் மாடிக்குத்தான். ஜெங்காவில் ஒரு கட்டை தொலைந்தால் அதே கச்சிதத்தில் வீட்டில் செதுக்குவது லேசில்லை.

மடிப்புகள் இன்னும் ஒரு வருஷம் தாங்குமா என்று நாலு மாதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது சீக்கிரம் சலிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் 2011-இல் வந்த ஹாபாவின் ‘சூப்பர் ரைனோ’வையும் பாருங்கள். அதுவும் அட்டைதான். மடித்த சுவர், தட்டையான கூரை, மாடி மாடியாக ஏறுகிற ஒரு சின்ன மரக் காண்டாமிருகம். ஒரே ஒரு தடவை ஆடியதால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பகலில் யாரும் தூங்காத வீடு, கம்பளம் விரித்த தரை என்றால் ஹாபா விலங்குகளையே வாங்குங்கள்.

எங்கள் ஜெங்கா அலமாரி மேல் பத்திரமாக இருக்கிறது. காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் அதை இறக்குவோம். அப்போது அவரும் குளித்துவிட்டு வந்து தரையில் உட்காருவார். போன வாரம் 26 வரிசை வரைக்கும் ஏற்றினார்கள், விழுந்தபோது முதலில் கத்தியது அவர்தான்.