டிட்டர்மினிஸ்டிக் குறியாக்கமா, எஸ்எஸ்இ-யா: எது குறைவாகக் கசியும்?

தரவைக் குறியாக்கி சர்வரில் வைத்துவிட்டு, அங்கே அதைத் திறக்காமலே தேட உதவும் இரண்டு வழிகள் இவை. முதலாவதில் ஒரே மதிப்பு எப்போதும் ஒரே மறையெழுத்தாகும். பழைய டேட்டாபேஸிலேயே தேடலாம், வசதிதான். ஆனால் ரத்த வகை நெடுவரிசையைத் திருடியவர், எது அதிகம் வருகிறது என்று எண்ணினாலே சாவியில்லாமல் ஊகித்துவிடுவார். 2015-இல் நவீத், கமாரா, ரைட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மருத்துவமனைத் தரவில் இதைச் செய்தே காட்டினார்கள்.

எஸ்எஸ்இ, அதாவது தேடத்தக்க சமச்சீர் குறியாக்கம், இந்த இடத்தில் தேவலை. யாரும் தேடாதவரை பெரும்பாலும் தரவின் அளவுகள் மட்டுமே தெரியும். தேடியதும் எந்தக் கோப்புகள் திரும்பின என்பது சர்வருக்குப் புரியும். அப்புறம் கோப்பு நுழைப்புத் தாக்குதல்: ஒவ்வொன்றிலும் பாதிச் சொற்களை மாற்றி மாற்றி நிரப்பி 10 மின்னஞ்சல்களை சர்வர் தரப்பு உங்களுக்கு அனுப்பி, அவையும் உங்கள் குறியாக்கிய கோப்புகளோடு சேர்ந்துவிட்டால், அவற்றில் எவை திரும்புகின்றன என்பதை வைத்தே 1024 சொற்களில் நீங்கள் தேடியது எதுவென்று கண்டுபிடிக்கலாம்!

டிஸ்க் திருட்டுதான் பயம் என்றால் எஸ்எஸ்இ போதும். சர்வர் மீதே சந்தேகமா? இரண்டுமே சரிவராது. ஓராம் (ORAM) என்ற நுட்பம் அணுகல் தடத்தை, அதாவது எந்தத் தரவு தொடப்படுகிறது என்பதை மறைக்கும், வேகத்தைத் தின்னும். முடிவுகளின் எண்ணிக்கையை அதுவும் தானாக மறைக்காது.