அம்மா கூப்பிட்டால் நிற்கிற கேம்கள்

பிடித்த வீடியோ கேம்கள் எவை என்று அலுவலகத்துப் பொடியன்கள் கேட்பார்கள். நான் சொல்கிற பட்டியல் அவர்களுக்குச் சரிப்பட்டு வருவதில்லை. அவர்கள் கிராபிக்ஸ் பார்க்கிறார்கள், கதை பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்க்கிறார்கள். நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். கரண்ட் போனால் எனக்கு எவ்வளவு மிஞ்சும்? அம்மா கூப்பிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த முடியுமா? கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி ஃபிளாட்டில், அம்மாவோடு இருக்கிறேன். பகலில் கணக்காய்வு வேலை. மிச்சமிருக்கிற நேரத்தில்தான் விளையாட்டு. அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். ஒன்றில் கெட்டிக்காரக் கேம் மற்றதில் கோட்டை விடும். எல்டன் ரிங் என்ற பெரிய சண்டைக் கேமை எடுங்கள். அது வெளிவந்தது 2022 பெப்ரவரி 25. இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். மின்வெட்டு அப்போதுதான் நீளத் தொடங்கி, மார்ச் முடியும்போது ஒரு நாளைக்கு 13 மணி நேரம் என்று வந்து நின்றது. எங்கள் பகுதி இருந்த மின்வெட்டுக் குழுவுக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று பார்த்துத்தான் சோறு வைத்தோம், உடுப்புத் தோய்த்தோம். நானும் அதைப் பார்த்துத்தான் விளையாடினேன். என்னிடம் இருப்பது தம்பி ரொறன்ரோவுக்குப் போகும்போது விட்டுப்போன டெஸ்க்டொப். அதற்கு ஒரு யூபிஎஸ். அரை மணி நேரம் தாங்கும் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். கரண்ட் போனதும் அது கீச் கீச்சென்று கத்தும், ஷட் டவுன் பொத்தானைத் தேடுவதற்குள் தானே அணைந்துவிடும்.

அந்தக் காலத்திலும் எல்டன் ரிங் என்னைக் கைவிடவில்லை. நாம் கேட்காமலே அது எல்லாவற்றையும் சேவ் செய்துகொண்டே இருக்கும். கரண்ட் வந்த பிறகு திரும்பப் போட்டால் கிட்டத்தட்ட விட்ட இடத்திலேயே நிற்பேன். எடுத்த பொருள் கையில் இருக்கும், கொன்ற எதிரி செத்தே கிடப்பான். கரண்ட் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. அம்மா பரீட்சையில்தான் முட்டை. இந்தக் கேமில் போஸ் பொத்தான், அதாவது இடையில் நிறுத்தி வைக்கிற பொத்தான், கிடையாது. ஸ்டோர்ம்வேல் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பெரிய எதிரி தடியை ஓங்கிக்கொண்டு வரும் அதே நேரத்தில் குசினியில் இருந்து குரல் வரும்: “பிள்ளை, குக்கரை ஒருக்கா நிப்பாட்டு.” மெனுவுக்குள் போய் விளக்கப் பக்கம் ஒன்றைத் திறந்தால் கேம் நின்றுவிடும் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் மார்கிட் என் கதையை முடித்துவிடுவான். கேம் அருமை, உலகம் அருமை, மரத்தின் வெளிச்சம் விழுகிற அந்த முதல் வெளியைப் பார்த்து வாய் பிளந்தேன். ஆனாலும் பட்டியலில் அது கடைசியில்தான்.

ஸ்டார்டியூ வேலி இதற்கு நேர் எதிர். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து, படம், இசை, எழுத்து எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன தோட்டம், பக்கத்தில் ஒரு சின்ன ஊர். விதைக்கிறீர்கள், தண்ணீர் ஊற்றுகிறீர்கள், மீன் பிடிக்கிறீர்கள், ஊர்ச் சனத்துக்குப் பரிசு கொடுத்துப் பழகுகிறீர்கள். ஒரு பருவத்துக்கு 28 நாள். ஒரு நாள் என்பது நம்முடைய கணக்கில் 14 நிமிடம் மட்டில். மெனுவைத் திறந்த உடனே நேரம் நின்றுவிடும், ஆகவே அம்மாவுக்கு இது நல்ல பிள்ளை. சேவ் ஆவது மட்டும் இரவில் கட்டிலில் போய்ப் படுத்தால்தான். அதற்கு முன் கரண்ட் போனால் அந்த நாளே நடக்கவில்லை.

தம்பியோடு சேர்ந்து விளையாடும்போது நிலைமை இன்னும் மோசம். இருவர் விளையாடினால் மெனுவைத் திறந்தாலும் நேரம் நிற்காது, இருவரும் படுத்தால்தான் நாள் முடியும். தோட்டம் என் கணினியில் இருப்பதால் நான் விழுந்தால் அவனும் விழுவான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்க மின்சாரம் போனது ஞாபகம் இருக்கும். அங்கே அவனுக்குச் சனி இரவு, ஒரு மணி மட்டில். சுரங்கத்தில் இறங்கியிருந்தவன் அப்போதுதான் பிரிஸ்மாட்டிக் ஷார்ட் ஒன்றை எடுத்திருந்தான். கேமிலேயே அரிதான கல். கரண்ட் போச்சு, கல்லும் போச்சு. “அக்கா, ஏன் நிப்பாட்டினனீ?” என்று மெசேஜ். பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று பிறகு அமைச்சர் சொன்னார். அதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். இன்றைக்கும் நம்புகிறான் இல்லை.

என் பட்டியலில் முதலாவது பேப்பர்ஸ் ப்ளீஸ். லூக்கஸ் போப் செய்து 2013இல் வெளியிட்டது. ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாடு, 1982 நவம்பர். நீங்கள் எல்லைச் சாவடியில் இருக்கும் அதிகாரி. வரிசையில் வருகிறவர்களின் கடவுச்சீட்டை வாங்கி, படம், காலாவதித் திகதி, வழங்கிய நகரம் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாகப் பார்த்து அனுப்பினால் ஆளுக்கு 5 கிரெடிட். பிழை விட்டால் அன்றைய முதல் இரண்டுக்கும் எச்சரிக்கை மட்டும், அப்புறம் சம்பளத்தில் வெட்டு. பொழுதுபட்டதும் அந்தக் காசில் வாடகை, சாப்பாடு, வீட்டுக்குச் சூடு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. ஒவ்வொரு காலையும் புது விதி ஒன்று வரும். நேற்றுப் போதுமாயிருந்த காகிதம் இன்றைக்குப் போதாது.

யுத்தக் காலத்துக் கொழும்பில் வளர்ந்த எங்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. பஸ்ஸை நிறுத்துவார்கள், இறங்கி வரிசையில் நிற்போம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. அம்மா அந்தத் துண்டுகளை இன்னும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருக்கிறா. ஏன் என்று கேட்டால், “கிடக்கட்டும்” என்பா.

நான் முத்திரை குத்திக்கொண்டிருந்ததைத் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “இதென்ன, செக்பொயின்றோ?” என்று அம்மா கேட்டா. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. ஒரு புருஷன் வருகிறான், காகிதம் எல்லாம் சரி. போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. “விட்டிடு பிள்ளை, பாவம். தண்டம்தானே, கட்டலாம்.” விட்டோம். அப்படி இரக்கப்பட்டு இரக்கப்பட்டு, ஒரு பின்னேரம் மகனுக்கு வருத்தம், மருந்துக்குக் காசு காணாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தொடங்கியதும், “சரி, இண்டைக்குக் கவனமாப் பார்” என்றா.

அன்றிலிருந்து என்னைவிட அவ கண்டிப்பு. வழங்கிய நகரம் பிழை என்பதை நான் விதிப் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் சொல்லிவிடுவா. வீட்டை விட்டு வெளிக்கிட முதல் காகிதங்களை இரண்டு தரம் சரிபார்த்தே பழகிய கண் அது. கையால் கிறுக்கிய கடவுச்சீட்டோடு வருகிற ஜோர்ஜி என்ற கிழவனை மட்டும் அவவுக்கு நல்ல விருப்பம். திருப்பி அனுப்பினால் கோபமே படாமல், பிறகு வருகிறேன் என்று சிரித்துக்கொண்டு போவான். அப்படி ஒருவரை எங்கள் வரிசைகளில் கண்டதில்லை என்றா.

இந்தக் கேமைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், அதிகாரத்தின் கதிரையில் இருந்தால் நல்லவனும் கெட்டவனாவான் என்று வியப்பார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. அந்தக் கதிரையில் இருக்கிறவனுக்கும் வாடகை இருக்கிறது, அவனுக்கு மேலேயும் ஒருவன் நிற்கிறான் என்பதை ஒரு சொல் பிரசங்கம் இல்லாமல், வெறும் பின்னேரக் கணக்கை வைத்துக் காட்டியதுதான் பிடித்தது. கணக்காய்வுக்காரியாகச் சொல்கிறேன், வீட்டுச் செலவுக் கணக்கை இவ்வளவு பயங்கரமாக எழுதிய கேம் வேறு இல்லை. குறையும் உண்டு. மேசை மிகச் சின்னது, காகிதங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவியும். வேண்டுமென்றே செய்ததுதான், ஆனாலும் கண் வலிக்கும். பரீட்சையைப் பொறுத்தவரை பழுதில்லை. நாள் முடிய சேவ் ஆகும், நாள் சின்னது, போஸும் உண்டு. 2022 ஓகஸ்டில் போனுக்கும் வந்துவிட்டது.

இரண்டாமிடம் ஸ்லே த ஸ்பையர். சீட்டாட்டம் மாதிரி, ஆனால் எதிரே அசுரர்கள். ஒரு கோபுரத்தில் ஏறுகிறீர்கள், ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு ஒரு சீட்டு, சீட்டுக் கட்டு மெல்ல மெல்ல உங்கள் குணத்துக்கு வளரும். முறை வைத்து ஆடுவதால் அம்மா எவ்வளவு நேரம் கூப்பிட்டாலும் அசுரன் பொறுமையாக நிற்பான். அறைக்குள் நுழையும்போதே சேவ் ஆவதால், கரண்ட் போனால் அந்த ஒரு சண்டையைத்தான் திரும்ப ஆட வேண்டும். தோற்கப்போகிற நேரத்தில் மின்வெட்டு வந்தால் அதைவிட அதிர்ஷ்டம் வேறில்லை. மின்சார சபைக்கு நான் நன்றி சொன்னது அந்தக் கேமில் மட்டும்தான்.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 பழைய காதல், ஊர் கட்டிப் படை நடத்துகிற கேம், 1999இல் வந்தது. எங்கேயும் நிறுத்தலாம், எங்கேயும் சேவ் செய்யலாம். 2022 ஏப்ரலில் அதன் புதுப் பதிப்புக்கு இந்திய வம்சங்களின் விரிவாக்கம் ஒன்று வந்தது. திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று மூன்று புதுத் தரப்பு, ராஜேந்திர சோழனுக்கென்று தனிப் படையெடுப்பு. ஆளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் வரும். அடுத்த அறையில் இருந்த அம்மா, யார் வந்திருக்கிறது என்று கேட்டா. திராவிடருக்கு நல்ல கப்பலும் காலாட்படையும் யானையும் உண்டு, உறுமி என்ற சுருள் வாள்காரர் உண்டு, குதிரைப் படைப் பக்கம்தான் பலவீனம். யுகம் மாறும்போதெல்லாம் 200 மரம் இலவசமாக வரும். கடல் இல்லாத வரைபடத்தில் விழுந்தால் கஷ்டம்தான், ஆனாலும் நான் வேறு தரப்பை எடுப்பதில்லை.

கிரிக்கெட் 07ஐ எழுதாமல் விட்டால் தம்பி கோபிப்பான். இலங்கை வீரர்களின் உண்மையான பெயர்கள் அதில் இல்லை, பொடியன்கள் திருத்தம் போட்டுத்தான் விளையாடினார்கள். அதைச் செய்த ஈஏ நிறுவனம் அதற்குப் பிறகு கிரிக்கெட் பக்கம் வரவில்லை. அதில் வர்ணனை செய்த ரிச்சி பெனோவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஜிடிஏ வைஸ் சிட்டியும் அந்தக் காலத்து ஆள்தான், பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடியது. கேமுக்குள் தங்கும் இடத்துக்கு ஓடிப்போய் அங்கே இருக்கும் கசட்டைத் தொட்டால்தான் சேவ். அங்கே போய்ச் சேருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இன்றைய அளவுகோலில் பார்த்தால் பட்டியலில் வரவே கூடாது.

திஸ் வோர் ஒஃப் மைன் பற்றியும் கேட்பார்கள். போலந்துக்காரர் 2014இல் செய்தது, சரயேவோ முற்றுகையைப் பார்த்து எழுந்தது. யுத்தத்தில் துவக்கு இல்லாதவர்களின் கதை: பகலில் வீட்டைத் திருத்துவது, இரவில் சாமான் தேடிப் போவது. மிக நல்ல கேம். எங்கள் ஹோலில் மட்டும் போடுவதில்லை. பசி, வருத்தம், காயம் என்று கீழே எழுதிவருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா கேட்டா: “உதையும் விளையாடுவினமோ?” எழுந்து போய்விட்டா. செக்பொயின்றைச் சகித்தவ இதைச் சகிக்கவில்லை.

இனி காசு. கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் நமக்கு விலை டொலரில்தான் காட்டும், ரூபாவில் இல்லை. தெற்காசியாவுக்கென்று பல கேம்களுக்குக் குறைந்த விலை உண்டு, அது ஆறுதல். 10 டொலர் என்பது 2022 தொடக்கத்தில் 2,000 ரூபா மட்டில், மே மாதத்தில் 3,600. இப்போது 3,000 பக்கம் நிற்கிறது. ஆகவே கோடைக்கும் மார்கழிக்கும் வருகிற மலிவு விற்பனைவரை பொறுப்பதுதான் புத்தி. பேப்பர்ஸ் ப்ளீஸை முழு விலைக்கே வாங்கலாம், எல்டன் ரிங்கைத் தனியாக இருக்கிறவர்கள் வாங்கலாம். ஸ்டார்டியூ வேண்டுமென்றால் போனில் வாங்குங்கள். அதில் நடுப்பகலில் மூடினாலும் விட்ட இடம் அப்படியே இருக்கும், விலையும் குறைவு. மிஞ்சுகிற காசுக்கு ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் பாருங்கள், பெட்டியில் எழுதியிருக்கிற நிமிடக் கணக்கில் பாதியை மட்டும் நம்பி.