வாரம் ஒரு தனி வகுப்பா, கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பா?

தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை வகுப்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டால் பொதுவாக மூன்று வழிகள். வாரத்தில் சில மணி நேரம் தனிக் குழு வகுப்பு, ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பு, முழு டபுள் புரமோஷன். எங்கள் மகளுக்கு நாங்கள் எடுத்தது நடுவில் உள்ளது. அதனால் என் சாய்வை ஒளிக்கப் போவதில்லை.

தனிக் குழு பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் மற்ற நாட்களில் தெரிந்த கழித்தலையே திரும்பப் போட வேண்டும். ஆள் சேர்ப்பதிலும் கோளாறு உண்டு. ஆசிரியர், பெற்றோர் பரிந்துரையை மட்டும் நம்பினால் அமைதியான பிள்ளைகள் விடுபடுவார்கள். ஃபுளோரிடாவின் பிரவர்ட் மாவட்டம் 2005இல் இரண்டாம் வகுப்பில் எல்லோருக்குமே முதற்கட்டத் தேர்வு வைக்கத் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் வழிவந்த) பிள்ளைகளும் முன்னைவிட நிறையப் பேர் தேர்வானார்கள்.

டபுள் புரமோஷனில் எனக்கு அனுபவம் இல்லை. ஒரு பிள்ளையை வகுப்பு தாண்ட விடலாமா என்று முடிவெடுக்க உதவும் அயோவா அளவுகோல் என்ற அமெரிக்க வழிகாட்டி, பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்கிறது. மகளுக்குத் தோழிகளை விட மனமில்லை, பேச்சு அதோடு முடிந்தது.

கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பு என்றால் சோதிப்பதும் எளிது. சொந்த வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினால், அதற்கு மேல் எவ்வளவு தெரியும் என்பது தெரியாது. மேல் வகுப்பின் ஆண்டிறுதித் தாளைக் கொடுத்தால் பின்னம் வருகிறதா, நீள் வகுத்தலில் தடுமாறுகிறாளா என்பது வரை தெரிந்துவிடும். மொழிப் பாடத்துக்கும் இது இவ்வளவு தெளிவாக அமையுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, எதில் இடிக்கும்? கால அட்டவணையில். இரண்டு வகுப்புக்கும் கணக்குப் பீரியட் ஒரே நேரத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் கணக்குக்குப் போகும் பிள்ளை அறிவியலையோ ஓவியத்தையோ இழக்கும். ஒருமுறை சரிசெய்தால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் அட்டவணை மாறும், ஆசிரியர் மாறுவார், புதியவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அட்டவணை போடுவதற்கு முன்பே தலைமையாசிரியரைப் பார்த்துவிடுவது நல்லது, போட்ட பிறகு யாரும் அதைத் தொட விரும்புவதில்லை.

அப்புறம் கடைசி ஆண்டு. பள்ளியின் கடைசி வகுப்புக்கே வந்துவிட்ட பிள்ளையைக் கணக்குக்கு எங்கே அனுப்புவது? தொடங்கும் முன்பே இதைக் கேளுங்கள். நாங்கள் கேட்டு, அடுத்த வகுப்புப் புத்தகத்தோடு தனியாக ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். அந்த ஆண்டு இன்னும் வரவில்லை.