"ப்ளஸ்தான் சார்" என்று சொல்லி மைனஸ் வீலைத் தலையில் கட்டிய கடை – பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனம்

பிக்கப்புக்கு ஆன்லைனில் அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாலு வீல், நாலு டயர், மாட்டும் கூலி, பாலன்சிங், அனுப்புச் செலவு, அத்தனை காசும் போயிருக்கிறது. பொருள் வராமல் போகவில்லை. வந்த பொருள் வண்டிக்கு ஆகாது, திரும்பவும் எடுக்க மாட்டார்களாம்.

கடைப் பெயர் வேண்டாம். ரிம்மில் டயரை ஏற்றி, காற்றடித்து, பாலன்ஸ் செய்து, "இறக்கி அப்படியே மாட்டிக்கொள்ளலாம்" என்று விளம்பரம் செய்யும் வகை ஆன்லைன் கடை. வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். கம்பெனி வீல் 17 இஞ்ச், 7.5 அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் வீல் வண்டியில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்) +30, ஆறு போல்ட், பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7. தேர்ந்தெடுத்தது 17 இஞ்ச், 9 அகலம். விற்பனைப் பக்கத்தில் "ஆஃப்செட் 12" என்று மட்டும் இருந்தது, முன்னால் ப்ளஸும் இல்லை மைனஸும் இல்லை. சாட்டில் கேட்டதற்கு உடனே பதில்: "ப்ளஸ்தான் சார். உங்க வண்டி மாடல் போட்டுப் பார்த்தோம், பச்சை டிக் வந்திருச்சு. நிறைய பேருக்குக் கொடுத்திருக்கோம், கவலையே வேண்டாம்." அந்த வார்த்தையை நம்பித்தான் காசு போனது.

+12 என்றால் கணக்கு அழகாக வரும். ரிம் அகலத்தின் நட்ட நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து தெருப்பக்கமாக இருந்தால் ப்ளஸ், வண்டிப் பக்கமாக இருந்தால் மைனஸ். ரிம்மின் உள் விளிம்பு ஹப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க, பாதி அகலத்தோடு ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். வெளி விளிம்புக்குக் கழியுங்கள். 7.5 இஞ்சில் பாதி 95 மி.மீ., எனவே பழைய வீல் உள்ளே 125, வெளியே 65. 9 இஞ்சில் பாதி 114. +12 போட்டால் உள்ளே 126, வெளியே 102. அதாவது உள்பக்கம் 1 மி.மீ. மாற்றம், சஸ்பென்ஷன் கையில் இடிக்கிற பேச்சே இல்லை. வெளி விளிம்பு 37 மி.மீ. தள்ளும், அதற்கு ஃபெண்டர் ஃபிளேர் (சக்கர வளைவின் மேல் ஒட்டும் அகலப் பட்டை) போதும்.

வந்தது −12. உள்ளே 102, வெளியே 126. ரிம் விளிம்பு பழைய இடத்திலிருந்து 61 மி.மீ. வெளியே துருத்துகிறது. டயரின் நடுக்கோடே பக்கத்துக்கு 42 மி.மீ. நகர்ந்துவிட்டது, இரண்டு பக்கமும் சேர்த்தால் 84. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் பெரிய வட்டத்தில் சுற்றி ஒரு பக்கம் பம்பர் மூலையிலும் மறுபக்கம் ஃபெண்டர் லைனரின் (சக்கரக் குழியின் உள் உறை) பின்பகுதியிலும் உரசுகிறது. டயர் சைஸ் மாறவே இல்லை, கம்பெனி போட்ட அதே 265/65 தான். "டயர் பெரிசு சார்" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

உரசல் கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. தெரியாதது இதைவிட மோசம். ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி அந்த 42 மி.மீ.யால் மாறிப்போகிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையை உதறும். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ந்த தரை என்று பிரேக் பிடித்தால் வண்டி இழுக்கும். வீல் பேரிங், பால் ஜாயிண்ட், டை ராட் எல்லாவற்றுக்கும் நெம்புகோல் நீளம் கூடின கதைதான், தேய்மானம் சீக்கிரம் வரும். சேறு கதவு முழுக்க. பல நாடுகளில் டயர் ஃபெண்டரைத் தாண்டினால் வாகனச் சோதனையிலும் நிற்காது.

இனி அவர்களுடைய பதில்கள். வீலின் பின்பக்கம் ஈடி (ஆஃப்செட்டைக் குறிக்கும் எழுத்து) என்று வார்த்து, ஒரு கோடு போட்டு, 12 என்று இருக்கிறது. போட்டோ அனுப்பியதற்கு, "அது மைனஸ் இல்லை சார், எழுத்துக்கும் நம்பருக்கும் நடுவுல போடுற கோடு" என்றார்கள். அதற்கும் அளவெடுத்து அனுப்பியாயிற்று. பின் விளிம்பில் நேர்ப்பட்டை வைத்து ஹப் முகம் வரை அளந்தால், விளிம்புத் தடிமனையும் சேர்த்து 9 இஞ்ச் +12 வீலுக்குச் சுமார் 139 மி.மீ. வரவேண்டும், −12க்கு 115. டேப்பில் 115 என்று பளிச்சென்று தெரிகிறது. இதற்குப் பிறகு வந்த யோசனைதான் கொதிக்க வைத்தது: "ஸ்பேசர் போடுங்க, சரியாயிடும்." ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு, அது வீலை இன்னும் வெளியேதான் தள்ளும்! 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் −12 என்பது −37 ஆகும், விளிம்பு 86 மி.மீ. வெளியே நிற்கும். வீல் விற்கிறவருக்கு இது தெரியாதா?

கடைசியாக விதி வந்தது: டயர் ஏற்றிய வீலைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். டயரை ஏற்றியதே அவர்கள். இப்போது அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். நாலு வீல், நாலு டயர், மாட்டும் கூலி, பாலன்சிங், அனுப்புச் செலவு, இவ்வளவுக்கும் ஒரு கூப்பன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது.

ஆஃப்செட்டைக் குறியோடும், பேக்ஸ்பேஸிங்கை (பின் விளிம்பிலிருந்து ஹப் முகம் வரை உள்ள அளவு) மி.மீ.யிலும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சாட்டில் சொன்னது செல்லாது. டயர் ஏற்றாத வெறும் ரிம்மை வரவழைத்து, முதலில் அளந்து, மாட்டி, பிரேக் காலிபரில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். "ஆறு போல்ட் 139.7 என்றால் எல்லா பிக்கப்புக்கும் செட்டாகும்" என்பது பொய். ஃபோர்டு ரேஞ்சருக்கும் அதே பிசிடிதான், ஆனால் கம்பெனி ஆஃப்செட் +55, நடு ஓட்டை 93.1, ஹைலக்ஸுக்கு 106.1. ரேஞ்சர் வீல் ஹைலக்ஸ் ஹப்பில் ஏறவே ஏறாது, ஹைலக்ஸ் வீலை ரேஞ்சரில் போட நடுவில் வளையம் வேண்டும். சுமை ஏற்றுகிறவர்கள் பின்பக்கம் லோடு ரேட்டிங்கைப் பாருங்கள். இரண்டு வீலின் ரேட்டிங்கும் சேர்ந்து ஆக்சில் சுமைக்குக் குறையக்கூடாது. தட்டையான வாஷரோடு வரும் கம்பெனி நட்டைக் கூம்பு வடிவ ஓட்டை உள்ள வீலில் போட்டு முடுக்காதீர்கள், நட்டு உட்காராது, கழன்றுவிடும்.