பழைய அக்கார்டியன்: இத்தாலியா, ஜெர்மனியா, சீனாவா?

டெல்டா பக்கம் பழைய அக்கார்டியன் விலைக்கு வருகிறதென்றால் பெரும்பாலும் கலைந்துபோன மெல்லிசைக் குழுவின் பெட்டியாக இருக்கும். இல்லையென்றால் கீபோர்டு வந்தபிறகு மூலையில் ஒதுங்கிய சர்ச் கொயரின் பெட்டி. விற்பவர் எடுத்த எடுப்பில் சொல்வது, “அந்தக் காலத்து இத்தாலி மால் சார், இப்போ கிடைக்காது.” கிடைக்காதுதான். அதற்காக விலையைக் கூட்டித் தர வேண்டியதில்லை. நல்ல வயலினுக்கு வயது ஏற ஏற மதிப்பு கூடலாம். அக்கார்டியன் அந்த ரகம் இல்லை. ரீடு என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு. அந்த ரீடுத் தகடுகளைப் பிடித்து வைத்திருப்பது தேன்மெழுகும் பிசினும் கலந்த பூச்சு. காற்று தப்பாமல் அடைப்பது மெல்லிய தோல் துண்டுகள். மெழுகு காலப்போக்கில் வறண்டு வெடிக்கும், தோல் சுருளும்.

முதலில் இத்தாலியையே பார்ப்போம். காஸ்டெல்ஃபிடார்டோ என்ற சின்ன ஊரில் 1863-ல் பாவ்லோ சொப்ரானி தொடங்கிய தொழில், இன்றும் அந்த ஊர்ப் பெட்டிக்குத் தனி மரியாதை. நாதம் அப்படி. ஆனால் ‘இத்தாலி’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் 120 பாஸ், அதாவது இடது கைக்கு 120 பட்டன் உள்ள பெரிய பெட்டி. வலது கைக்கு 41 கட்டை. நாலு ரீடு வரிசை உள்ளதென்றால், துருத்தியை இழுக்க ஒன்று, அமுக்க ஒன்று என்று கட்டைக்கு 8 ரீடு. வலது பக்கம் மட்டும் 328. மெழுகு போய்விட்டால் அத்தனை தகட்டையும் கழற்றி, சுரண்டி, புது மெழுகு ஊற்றி, ஒவ்வொன்றாகச் சுருதி சேர்க்க வேண்டும். அந்தக் கூலி பெட்டி விலையைத் தாண்டிவிடும். போதாததற்கு, பத்துக் கிலோவுக்கு மேல் தோளில் தொங்கும்.

யார் அந்த வேலையைச் செய்வார் என்பது அடுத்த சங்கடம். பஜனை மடமும் நாடகக் கொட்டகையும் இருந்த ஊர்களில் ஆர்மோனியம் பார்ப்பவர் இன்னும் கிடைப்பார். ஆனால் ஆர்மோனிய ரீடு பித்தளை, அக்கார்டியன் ரீடு எஃகு. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்பது இரண்டுக்கும் பொது. எஃகு ரீடில் கை பழகாதவர் அரம் போட்டால் ரீடு போச்சு. துருவும் எஃகுக்குத்தான். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இருந்த பெட்டியா, உள்ளே தள்ளி இருந்த பெட்டியா என்று கட்டாயம் கேளுங்கள். பிராண்டைவிட அந்தப் பதிலுக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

அடுத்தது ஜெர்மனி. ட்ரோசிங்கன் ஊர் ஹோனரும், கிழக்கு ஜெர்மனியில் கிளிங்கென்தாலில் செய்த வெல்ட்மைஸ்டரும். ஹோனர் பெயரைப் பார்த்ததும் ஜெர்மனி என்று முடிவுகட்ட வேண்டாம், பிற்காலத்தில் சீனாவில் செய்த ஹோனரும் உண்டு. இத்தாலியின் குழைவு இவற்றில் கொஞ்சம் குறைவுதான். ஆனால் 72, 80 பாஸ் என்ற நடுத்தர அளவில் கிடைக்கும், அதுதான் புதிதாகக் கற்பவருக்கு வேண்டியது. குறிப்பாக நம்மூர்ப் பாட்டுக்காரர்களுக்கு வாசிப்பதென்றால். சுருதி கேட்டால் ஒருவர் ஒன்றரைக் கட்டை என்பார், இன்னொரு அம்மா ஐந்தரை என்பார். பாஸ் பட்டன்கள் ஐந்தாம் சுர வரிசையில் (ச, அதன் ப, அந்தப் ப-வின் ப என்று) அடுக்கப்பட்டவை. எட்டு வரிசை மட்டும் உள்ள குட்டிப் பெட்டியில் ஒன்றரைக் கட்டைக்கான பாஸே இருக்காது. 72 பாஸில் பன்னிரண்டு வரிசை, எல்லாச் சுருதியும் உண்டு. ஆனால் ஒன்றரைக் கட்டையில் மத்திமத்துக்கான கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பட்டன்) மறுகோடிக்குப் போய்விடும், கை ஓட வேண்டும். 120 பாஸில் அது பக்கத்திலேயே இருக்கும். பெரிய பெட்டிக்கு உள்ள நிஜமான சௌகரியம் அதுதான், ஆரம்பத்தில் அது இல்லாமல் ஓட்டிவிடலாம்.

சீனாவின் பேரட் பிராண்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தியான்ஜின் தயாரிப்பு. கட்டைகள் கொஞ்சம் சத்தம் போடும், மெல்ல வாசித்தால் ரீடு தாமதித்துப் பேசும். வயது குறைந்த பெட்டியாகவே இருப்பதால் மெழுகு பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த நாட்டுப் பெட்டியானாலும் சோதனை ஒன்றுதான். உறையைத் திறந்ததும் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் உள்ளே தோலும் அப்படித்தான் இருக்கும். லேசாகக் கற்பூர வாசனை என்றால் பயமில்லை, அது பழைய செல்லுலாய்டு மேல்தகட்டின் வாசனை. பிறகு இரண்டு பக்க வாரையும் அவிழ்த்து, எந்தக் கட்டையையும் தொடாமல், கட்டைப் பக்கத்தை மேலே பிடித்துக்கொண்டு பாஸ் பக்கத்தைத் தொங்கவிடுங்கள், கீழே ஒரு கை காவலாக இருக்கட்டும். துருத்தி நிதானமாக விரிய வேண்டும். பொத்தென்று இறங்கினால் எங்கோ காற்று போகிறது. அடுத்து ஒவ்வொரு கட்டையையும் இழுத்து ஒரு தரம், அமுக்கி ஒரு தரம். ஒரு பக்கம் மட்டும் பேசினால் துருவோ தோலோ தகராறு. பாஸில் 120 பட்டனையும் அழுத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம், அத்தனைக்கும் பின்னால் இருப்பது 12 சுரங்களுக்கான ரீடுகள்தான். பன்னிரண்டு தனிப் பாஸையும் கேட்டுவிட்டு, மீதிப் பட்டன்கள் அமுங்கி எழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஐப்பசி அடைமழையில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் கட்டை சித்திரையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

சுருதியில் இரண்டு விஷயம். பழைய பெட்டி மொத்தமுமே 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதி அளவிலிருந்து விலகி இருக்கலாம். தனியாக வாசித்தால் தெரியாது, கீபோர்டோடு சேர்ந்தால் பல்லைக் காட்டும். போனில் ட்யூனர் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, ஒரே கட்டையில் இரண்டு ரீடு சற்றே விலகி நின்று தரும் அலை. பழைய சினிமா மெட்டுக்கு அது தேன். சுருதிப்பெட்டி பக்கத்தில் ஓடும்போது அதே அலை இம்சை. ஸ்விட்ச் உள்ள பெட்டியென்றால் ஒற்றை ரீடுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஸ்விட்ச் இல்லாத சின்னப் பெட்டியில் தப்பிக்க வழியில்லை. பக்தி கச்சேரிக்கு வாசிப்பவர் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

என் கணக்கில், மூன்று நான்கு கட்டை பேசாத ஜெர்மன் 72-க்கு, பேரம் பேசிப் பேரட் விலைக்குக் கொஞ்சம் மேலே தரலாம். பேசாத கட்டைகள் ஒரே இடத்தில் கும்பலாக இருந்தால் மெழுகு விட்டுப்போச்சு என்று அர்த்தம், விலையைக் கேட்காமலே எழுந்துவிடலாம். மெழுகு நன்றாக உள்ள இத்தாலிப் பெட்டி கிடைத்து, ரிப்பேருக்குச் சென்னை வரை போகத் தெம்பும் இருந்தால், தாராளமாக. இல்லாதவர் மேலே பதித்த கண்ணாடிக் கற்களுக்கும் முத்துப் பளபளப்புக்கும் ஒரு ரூபாய்கூடக் கூட்ட வேண்டாம். விற்பவர் முதலில் திருப்பிக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.