பில்லில் பித்தளை புஷ், பிரித்தால் டெஃப்லான் டேப்

தாத்தா விட்டுப்போன 1956 மாடல் மோரிஸ் மைனர் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. எஸ்.யு. கம்பெனி எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போங்கள்.

பம்பின் வாயில் மரை போய்விட்டது. அலுமினிய உடம்பில், பெட்ரோல் குழாயை இணைக்கும் பித்தளை யூனியனை யாரோ எப்போதோ கோணலாக ஏற்றி முறுக்கியிருக்கிறார்கள். 'விண்டேஜ் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டிய பட்டறை ஒன்றில் கொடுத்தேன். பித்தளையில் புஷ், அதாவது ஓட்டைக்குள் செருகும் வளையம், கடைந்து இறக்கி, புது மரை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். நாலு நாள் ஆனது. 4,800 ரூபாய். பில்லிலும் 'பித்தளை புஷ்' என்றே எழுதியிருந்தது.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். இந்தப் பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவே இல்லை. பானெட்டைத் தூக்கினால் யூனியன் ஓரமாகப் பெட்ரோல் வழிகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதது என் நல்ல நேரம். சூடான சைலன்சர் குழாய் மேல் சொட்டியிருந்தால்?

கழற்றிப் பார்த்தேன். புஷ்ஷும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டெஃப்லான் டேப் ஏழெட்டுச் சுற்று, மேலே எபாக்சி பசை. அந்த இடத்தில் கசிவை அடைப்பது ஃபைபர் வாஷர். மரையில் டேப் சுற்றுவதே வீண். அது நைந்து உள்ளே போனால் கார்புரேட்டர் ஊசியில் சிக்கும்.

வேறொரு லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல டாப்பையே மாத்தி விட்டிருக்காங்க" என்றார். டாப் என்பது ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி. என் பம்பில் இருந்தது பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் குழாய் மரை, கால் இஞ்ச்: இஞ்சுக்கு 19 மரை, 55 டிகிரி. பட்டறைக்காரர்கள் விட்டது என்.பி.டி. என்கிற அமெரிக்கக் குழாய் மரை, கால் இஞ்ச்: 18 மரை, 60 டிகிரி, போதாக்குறைக்கு உள்ளே போகப் போகக் குறுகும் வகை. இரண்டுக்கும் பெயர் கால் இஞ்ச்தான். முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் கடிக்கும். மிச்சமிருந்த நல்ல உலோகத்தையும் சீவிவிட்டதால் இனி புஷ் இறக்கச் சுவரே இல்லையாம். தொடாமல் கொண்டுவந்திருந்தால் மரைக்குள் இறக்கும் கம்பிச் சுருள் (காயில்) ஒன்றைப் போட்டே முடித்திருப்பேன் என்றார். இதுதான் எனக்கு ஆறவில்லை. ஏமாற்றியது போகட்டும், பொருளையும் கெடுத்துவிட்டார்களே.

பட்டறையில் போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டி சார், லீக் இருக்கத்தான் செய்யும்" என்று பதில். பணம் வரவில்லை.

மரை வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், எந்த டாப் விடப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கேஜ் இல்லாத கடை என்றால் திரும்பிவிடுங்கள். புஷ்ஷை இறக்குவதற்கு முன் கண்ணால் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே, எஞ்சினை ஓடவிடாமல், சாவியை மட்டும் திருப்பி டிக் டிக் அடங்குகிறதா என்று கேளுங்கள். யூனியனைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

நான் இப்போது பழைய பம்ப் உடம்பு ஒன்றுக்காகச் சென்னை புதுப்பேட்டை பழைய வண்டிச் சாமான் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது.