மகளின் கையில் வந்த கட்டி: அரசு மருத்துவமனை தோல் பிரிவில் எங்கள் அனுபவம்

எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். குறைத்த அரை மதிப்பெண், பயாப்சி ரிப்போர்ட் வாங்க எங்களை அலையவிட்டதற்கு. மற்றபடி, பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருந்த ஒரு சின்னக் கட்டியை இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைக்குத் தோலுக்கடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டு, எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். மகளுக்குப் பாவாடை சட்டை தைக்கக் கை அளவு எடுத்தபோதுதான் இடது மேல்கையில் அது விரலில் பட்டது. மொச்சைக் கொட்டை அளவு இருக்கும். வலி கிடையாது. மேல்தோலில் மட்டும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசி உள்ளே கட்டிக்கொண்டது என்றார் மாமியார். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடு, பழுத்து உடைந்துவிடும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். கையைத் தொட்டும் தொடாமலும் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதான், கீறி எடுத்துடலாம்" என்றார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். "இத்தனூண்டுக்கு அதெல்லாம் எதுக்கும்மா?" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கே போனேன்.

தோல் பிரிவில் கூட்டம் அதிகம்தான். ஆனால் உள்ளே போனதும் டாக்டரம்மா அவசரப்படவில்லை. மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, "எந்த வகுப்பு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டியின் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தோலை இழுத்தார். இழுத்ததும் கட்டி உருண்டையாகத் தெரியவில்லை. அதன் மேல் தோல் கூடாரம் அடித்ததுபோல் மேடும் முனையுமாக நின்றது. அப்புறம் ஒரு ஓரத்தை அழுத்தினார், மறு ஓரம் எழும்பியது. "அம்மா, நீங்களும் தொட்டுப் பாருங்க" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். கொழுப்புக் கட்டி என்றால் மெத்தென்று இருக்குமாம். இது எலும்புத் துண்டைத் தொட்டதுபோல் இருந்தது. மாமியாரின் சந்தேகத்தையும் கேட்டேன். ஊசித் தழும்பைத் தேடிக் காட்டினார். கட்டி அதிலிருந்து நாலு விரற்கடை தள்ளியிருந்தது.

பைலோமேட்ரிக்கோமாவாக இருக்கலாம் என்றார். சில ரிப்போர்ட்டில் பைலோமேட்ரிக்சோமா என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். முடிக்காலின் அடியில் முடியை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வருகிற கட்டி இது. பெரும்பாலும் இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, முகம், கழுத்து, மேல்கை ஆகிய இடங்களில் வரும். பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். புற்றுநோய் இல்லை. அப்படி மாறுவது மிக மிக அபூர்வம். ஆனால் மருந்தாலோ பற்றாலோ கரையாது, முழுசாக எடுத்தால்தான் தீரும்.

இதை வேறு கட்டி என்று நினைப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1880இல் பிரான்சில் மால்ஹெர்ப், ஷெனான்டே என்ற இருவர் இதை முதலில் விவரித்தபோது, எண்ணெய்ச் சுரப்பியில் வரும் கட்டி என்றே எழுதினார்கள். முடியின் பிறப்பிடத்தைக் குறிக்கும் இப்போதைய பெயரை 1961இல் ஃபோர்பிஸ், ஹெல்விக் என்ற மருத்துவர்கள் வைத்தார்கள். இதைச் சொன்னவர் அங்கே மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர். கழுத்தில் வந்தால் நெறிக்கட்டி என்றும் டிபி என்றும் பயந்து வருகிறார்கள் என்றார். தப்பான கட்டி என்று நினைத்து வைத்தியம் பார்ப்பதைவிட, தொட்டுப் பார்த்துச் சந்தேகப்படும் ஒரு டாக்டர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஸ்கேன் அன்றைக்கே முடிந்துவிட்டது. கட்டி வெள்ளையாகவும் அதற்குக் கீழே கருப்பு நிழலாகவும் தெரிந்தது. உள்ளே கால்சியம் படிந்திருப்பதால் அப்படித் தெரிகிறதாம்.

மைனர் ஓ.டி. என்கிற சின்ன ஆபரேஷன் அறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகளுக்கு மயக்கம் கொடுக்கவில்லை, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அது சுருக்கென்று எரியும் என்பதை மறைக்காமல் முன்கூட்டியே அவளிடம் சொன்னார்கள். பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாத அந்த நர்ஸ் அக்காவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். தலைமாட்டில் நின்று பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். ஏழு பதினாறில் இவள் திணற, அவர் எடுத்துக்கொடுக்க, அதற்குள் கட்டி வெளியே வந்துவிட்டது.

வெட்டுவதற்கு முன்னால் டாக்டர் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, எந்தப் பக்கம் கோடு போடுவது என்று முடிவு செய்தார். துணிக்கு இழை வாட்டம் பார்த்துக் கத்தரி வைப்பதுபோல, தோலுக்கும் ஒரு வாட்டம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த வாட்டத்தோடு வெட்டினால் தழும்பு அடங்கிப் போகுமாம். தையலைப் பார்த்தால் போட்ட கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். முடிச்சுகள் ஒரே பக்கம், இடைவெளி சீர், எங்கேயும் இழுத்துச் சுருக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் மெல்லிய கோடு மட்டும்தான் இருக்கிறது.

எடுத்த கட்டியை எனக்குக் காட்டினார்கள். மஞ்சள் கலந்த வெள்ளை, மேலெல்லாம் சொரசொரப்பு. ட்ரேயில் வைத்தபோது 'டிக்' என்று சத்தம் கேட்டது. நான் வாய் திறப்பதற்கு முன்பே, எடுத்த சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டில் தயாராக இருந்தது. அதில் ஒட்டிய லேபிளில் பெயர், வயது, ஓபி எண் சரியா என்று என்னைப் படிக்கச் சொல்லி, நான் தலையாட்டிய பிறகுதான் மூடி போட்டார்கள். பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்த எதுவும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், இப்படித்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும். முந்தைய கிளினிக்கில் எடுத்திருந்தால் அது குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். என்ன கட்டி என்பதே கடைசிவரை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

குறை இங்கேதான். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வரும் என்றார்கள், வரவில்லை. தோல் பிரிவில் கேட்டால், கட்டியைப் பரிசோதிக்கும் பேத்தாலஜி பிரிவில் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே கேட்டால் தோல் பிரிவுக்கே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் நல்ல தூரம், வழிகாட்டிப் பலகையும் இல்லை. பயாப்சி முடிவு என்னவோ என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு நிற்கும் தாய் தகப்பனை இப்படி அலையவிடக் கூடாது. ரிப்போர்ட் தயார் என்று போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே போதும்.

ஆனால் அதே பேத்தாலஜியில்தான் இன்னொன்றும் நடந்தது. ஸ்லைடைப் பார்க்கலாமா என்று மகள் கேட்டுவிட்டாள். அங்கிருந்த டாக்டர் முகம் சுளிக்காமல் அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். அப்புறம் நானும் பார்த்தேன். ஒரு பக்கம் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாக நெருக்கியடித்த செல்கள். அதை ஒட்டி வெளிர் ரோஸ் நிறத்தில் பெரிய செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் வெற்றிடம். முடியாக மாறப் பார்த்து, மாற முடியாமல் செத்துப்போன செல்களாம் அவை. செல்லின் உள்ளே இருந்த உட்கரு அழிந்து அதன் தடம் மட்டும் நிற்கிறது. 'நிழல் செல்' என்று சொல்வார்களாம். அவை இருந்தால் இந்தக் கட்டி என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். பீட்டா கேட்டனின் என்ற புரதத்துக்கான மரபணுவில் அந்த இடத்துச் செல்லில் மட்டும் ஏற்படும் மாற்றம்தான் பெரும்பாலும் காரணம், நாங்கள் கொடுத்த சாப்பாட்டாலோ போட்ட சோப்பாலோ வந்தது இல்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா வேறு சில கேள்விகளும் கேட்டார். உடம்பில் வேறு எங்காவது இதே மாதிரி இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது தசை பலவீனம், பிடித்த கையை விட முடியாமல் இறுகிக்கொள்வது, குடலில் நிறைய பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) என்று உண்டா என்றெல்லாம் விசாரித்தார். ஒரே ஒரு கட்டி என்றால் கவலையில்லை. பல கட்டிகள் வந்தால் மட்டும் மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி, கார்ட்னர் சிண்ட்ரோம் மாதிரியான பரம்பரை நோய்களையும் பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு எதுவும் இல்லை. முழுசாக எடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்ப வருவது அபூர்வம், வந்தால் இந்த ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்றார்.

போகிறவர்கள் காலை ஏழரைக்கே ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள், பிள்ளைக்குச் சாப்பிடக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பணம் எதுவும் கட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாட்டிலை ஒப்படைத்ததும் பேத்தாலஜியில் பதிவு எண்ணைக் கேட்டு ஓபி சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொன்னபோதுதான் எங்கள் ரிப்போர்ட்டை உடனே எடுத்துக் கொடுத்தார்கள்.